பெயர் வைப்பது கடைசி வேலை

பினாங்குப் பாலத்தில் நின்று எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் ஆழ்கடல் கிடையாது. மலாக்கா நீரிணையின் தெற்குப் பகுதி பெரும்பாலும் 40 மீட்டருக்குள் அடங்கிவிடும். வடமேற்கே போய் அந்தமான் கடலோடு கலக்கும் இடத்தில்தான் ஏறக்குறைய 200 மீட்டரைத் தொடுகிறது. ஆழ்கடல் என்ற கணக்கே வழக்கமாக அந்த 200-இல்தான் தொடங்கும். மலேசியாவின் உண்மையான ஆழ்நீர் சபா பக்கம் இருக்கிறது. இருந்தாலும் பினாங்கின் குளுகோரில் ஓர் ஏர்கோன் அறையில் உட்கார்ந்துகொண்டே 3,000 மீட்டர் ஆழத்துக் கிரஸ்டேசியன் (இறால், நண்டு இனப் பிராணி) ஒன்றை அறிவியலுக்குப் புதிதாக விவரித்துவிட முடியும். கப்பல் வேலை சில வாரம்தான். மீதி எல்லாம் போத்தல், நுண்ணோக்கி, பழைய தாள்கள்.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இதைக் கப்பல்காரர்களின் வேலை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஆர்வத்தோடு உள்ளே வருகிறவர்களோ முதல் வேலையாகப் பெயர் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். பெயர் வைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் ‘இதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை’ என்று காட்டியாக வேண்டும். காலம் முழுக்க அங்கேதான் போகிறது.

எவ்வளவு காலம்? ஆல்பட்ராஸ் என்ற அமெரிக்கக் கப்பல் 1908-இல் பிலிப்பீன்ஸ் கடலில் பிடித்த இறால் போன்ற ஒரு பிராணி, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் போத்தலுக்குள்ளேயே கிடந்தது. 1975-இல்தான் ஜாக் ஃபோரெஸ்ட், மிஷேல் த சேன் லோரான் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதற்கு நியோகிளிஃபியா இனோபினாட்டா என்று பெயரிட்டு விவரித்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனதாக எண்ணியிருந்த ஒரு குழுவில் உயிரோடு எஞ்சிய இனம் அது. 67 ஆண்டு காத்திருப்பு அளவுக்கு மீறியதுதான். ஆனால் 2012-இல் வந்த ஓர் ஆய்வு, எல்லா உயிரினக் குழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் பிடிபட்ட நாளிலிருந்து பெயர் பெறும் நாள்வரை சராசரியாக 21 ஆண்டு ஆகிறது என்று கணக்கிட்டது. பசிபிக்கில் சுரங்கம் தோண்டக் கண் வைத்திருக்கும் கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதியில் பதிவான 5,578 விலங்கினங்களில் 88 முதல் 92 விழுக்காட்டுக்கு இன்னும் முறையான பெயர் இல்லை என்று 2023-இல் இன்னொரு குழு மதிப்பிட்டது. பெயர் இல்லாதவை ‘இனம் 1’, ‘இனம் ஏ’ என்று ஆய்வறிக்கைகளில் வலம் வருகின்றன. ஒரு குழுவின் ‘இனம் 1’ இன்னொரு குழுவின் ‘இனம் 7’ ஆக இருக்கலாம், யாருக்கும் தெரியாது.

போத்தல் கைக்கு வந்ததும்

முதலில் பார்க்க வேண்டியது பிராணியை அல்ல, சீட்டை. கப்பல் நிலைய எண், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, வலை இறங்கிய ஆழம், ஏறிய ஆழம், எந்த வகை வலை, பிடித்தவர் யார்: இவ்வளவும் போத்தலுக்கு உள்ளே, எத்தனாலில் ஊறினாலும் கிழியாத தாளில், பென்சிலிலோ நிறமி மையிலோ எழுதியிருக்க வேண்டும். பந்துமுனைப் பேனா எழுத்து எத்தனாலில் கரைந்துபோகும். லேசர் அச்சு சில மாதத்தில் உரிந்து எழுத்தெல்லாம் போத்தலின் அடியில் கறுப்புத் தூளாகக் கிடக்கும். போத்தலின் வெளியே ஒட்டிய சீட்டை நம்பவே கூடாது, நம் ஊர் ஈரத்தில் பசை நிற்காது. தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் பழைய பழக்கம் இன்றும் நல்லது. 5/6 என்பதை அமெரிக்கர் ஒரு மாதமாகவும் நாம் வேறு மாதமாகவும் படிப்போம்.

ஆழத்தை எழுதியிருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. அடித்தள இழுவலை 2,000 மீட்டரில் தரையைத் தொட்டாலும், மேலே வரும் வழியெல்லாம் வாய் திறந்தபடிதான் வருகிறது. நடுநீரில் மிதக்கும் சிவப்பு இறால் அதில் மாட்டிக்கொண்டு ‘அடித்தள இனம்’ என்று பதிவாகிவிடும். இரை வைத்த கூண்டுப் பொறி, பெட்டி வடிவ மண் எடுப்பான், இறங்கும்போதும் ஏறும்போதும் மூடிக்கொள்ளும் சறுக்கு வலை ஆகியவற்றில் இந்தச் சந்தேகம் குறைவு. கட்டுரையில் எந்தக் கருவி என்று எழுதாமல் விடுவது, பின்னால் வருகிறவர் கையைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.

அடுத்து திரவம். ஃபார்மலினில் போட்டது உருவம் கெடாமல் நிற்கும். டிஎன்ஏ கிடைப்பது குதிரைக் கொம்பு. எத்தனால் 95 விழுக்காடு என்றால் டிஎன்ஏ கிடைக்கும். கால்கள் கண்ணாடிக் குச்சி மாதிரி ஒடியும். ஆகவே கப்பலிலேயே குளிரூட்டிய 95 விழுக்காட்டு எத்தனாலில், பிராணியின் பருமனைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு திரவம் ஊற்றி, 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்ற வேண்டும். பிராணியின் உடல் நீர் வெளியேறி எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால்தான் இந்த மாற்றம். கட்டை விரலைவிடப் பெரிய இறால், ஐசோபாட் (மரப்பேன் போன்ற ஓட்டுப்பிராணி) வகைகளுக்கு இதுவும் போதாது. ஓடு கனமானது, திரவம் உள்ளே போவதற்குள் செரிமானச் சுரப்பியின் நொதிகள் உள்ளிருந்தே தசையைக் கரைத்துவிடும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே கூழ். நீச்சல் கால் ஒன்றிலிருந்து தசைத் துண்டெடுத்துத் தனிக் குப்பியில் போட்டுவிட்டால் கவலை இல்லை. டிஎன்ஏ வேலை முடிந்தபின் உடலை 70–75 விழுக்காட்டுக்கு இறக்கி வைக்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை: உடனே படம் எடுங்கள். ஆழ்கடல் இறாலின் செஞ்சிவப்பு எத்தனாலில் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும். அதன்பின் எழுதும் நிற விவரம் எல்லாம் கற்பனைதான்.

கையிலிருப்பது குஞ்சா, வளர்ந்ததா, ஆணா, பெண்ணா என்பதை இந்தக் கட்டத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். இறால் குடும்பத்தில் வளர்பருவமும் முழு வளர்ச்சியும் ஒட்டே இல்லாத இரண்டு உருவங்கள். செராட்டாஸ்பிஸ் மான்ஸ்ட்ரோசா என்ற முள்ளும் கொம்புமான பிராணி 1828-இல் தனிப் பேரினமாக விவரிக்கப்பட்டது. அது பிளெசியோபீனியஸ் ஆர்மாட்டஸ் என்ற ஆழ்கடல் இறாலின் குஞ்சுதான் என்று டிஎன்ஏ வழியாக உறுதியானது 2012-இல். ஒரே ஒரு சிறிய மாதிரியை வைத்துப் புதிய இனம் எழுதத் துடிப்பவர்கள் இந்த 184 ஆண்டை நினைத்துக்கொள்ளட்டும்.

ஊசியும் கிளிசராலும்

இனி ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஆம்பிபாட் ஒன்று மேசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் தட்டையான, கடற்கரைப் பாசியைக் கிளறினால் துள்ளி ஓடும் பூச்சியின் ஆழ்கடல் சொந்தம். முதலில் உடல் முழுவதையும் ஒரு பக்கத் தோற்றத்தில் வரைந்துவிட வேண்டும். ஒரு காலைப் பிடுங்கியபின் அந்த வளைவு திரும்ப வராது.

எத்தனாலிலிருந்து நேரே கிளிசராலில் போட்டால் மெல்லிய உறுப்புகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். எத்தனால் 9 பங்கு, கிளிசரால் 1 பங்கு கலந்த கிண்ணத்தில் வைத்துத் தூசி விழாமல் மூடி, எத்தனால் தானாக ஆவியாகும்வரை விட்டுவிடுங்கள். பினாங்கின் காற்றில் இது மெதுவாகத்தான் நடக்கும்; அவசரப்பட்டுச் சூடேற்ற வேண்டாம்.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. டங்ஸ்டன் கம்பியைக் காரத்தில் மின்சாரம் விட்டுக் கூராக்கிய ஊசி இரண்டு, அல்லது பூச்சி குத்தும் மினுட்டன் ஊசியைக் குச்சியில் ஒட்டியது. ஒன்று பிடிக்க, ஒன்று அறுக்க. கால்களைப் பொறுத்தவரை உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பிரிக்க வேண்டும். மறுபக்கம் அப்படியே இருக்கட்டும். வாய் உறுப்புகளைப் பின்னாலிருந்து முன்னால் எடுப்பதுதான் முறை. வெளிக்கதவு போல மூடியிருக்கும் மேக்சில்லிபெட் முதலில், பிறகு இரண்டாம் மேக்சில்லா (துணைத்தாடை), முதல் மேக்சில்லா, கீழுதடு, இரு மாண்டிபிள்கள் (தாடைகள்), கடைசியாக மேலுதடு. வரிசை மாறினால் முதல் மேக்சில்லாவின் தொடுகொம்பு பாதியில் அறுந்து தலைக்குள் தங்கிவிடும்.

மாண்டிபிள் இரண்டையும் வரைய வேண்டும். ஒரு பக்கம் போதும் என்று விடுவது அடிக்கடி நடக்கிற பிழை. லைசியானசாய்டு என்ற ஆம்பிபாட் வகைகளில் வெட்டுமுனைக்குப் பக்கத்தில் உள்ள சிறு அசையும் தகடு பொதுவாக இடப்பக்கத்தில் மட்டுமே இருக்கும். வலதை மட்டும் பார்த்தவர் ‘தகடு இல்லை’ என்று எழுதினால் பிராணி வேறு குடும்பத்துக்கே போய்விடும். முதல் மேக்சில்லாவின் வெளித்தகட்டு நுனியில் 11 பற்கள் இரண்டு வரிசையாக நிற்கும்: சில குழுக்களில் 7–4 என்றும் சிலவற்றில் 6–5 என்றும். பேரினத்தைத் தீர்மானிக்கவே இந்த எண்ணிக்கை உதவுகிறது. தகடு கொஞ்சம் சாய்ந்து படுத்தாலும் ஒரு பல் இன்னொன்றின் பின்னால் ஒளிந்து 10 ஆகிவிடும். கவர் கண்ணாடியை ஊசியால் மெல்ல நகர்த்தினால் தகடு அடியில் உருளும், உருளும்போதே எண்ணுங்கள். நூறு மடங்கில் தொடங்கி நானூறு மடங்கில் முடிக்க வேண்டிய வேலை இது. ஒரு பல்லின் ஓரத்தில் எத்தனை சிறு முள் என்பதுவரை தெரிய வேண்டும்.

கவர் கண்ணாடி இன்னொரு வகையிலும் ஏமாற்றும். அதன் எடையில் காலின் அடிக்கணு நசுங்கி அகலமாகத் தெரியும். ‘அடிக்கணு விரிந்தது’ என்று எழுதப்பட்ட சில இனங்களை மறுபடி பார்த்தால் விரித்தது கண்ணாடிதான் என்று சந்தேகிக்க இடமுண்டு. கண்ணாடித் துண்டுகளைத் தாங்கலாக வைத்துவிட்டு வரையுங்கள்.

படம் இன்னும் கோட்டோவியம்தான். நுண்ணோக்கியில் பொருத்தும் வரைகுழாய் வழியாகப் பென்சிலில் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினிப் பலகையில் மையிடும் முறை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடப்பில் இருக்கிறது. புகைப்படம் எடுத்தால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. புகைப்படத்தில் ஒரு தளம்தான் கூர்மையாக விழும். வரைகிறவர் குவியத்தை மேலும் கீழும் ஓட்டி, மேல்பக்க முள் எது, அடிப்பக்க முள் எது என்று பிரித்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவருகிறார். அளவுகோலை அதே உருப்பெருக்கத்தில் அதே நேரத்தில் வரைந்துவிட வேண்டும். ஜூம் வளையத்தைத் திருப்பியபின் ‘இவ்வளவுதான் இருந்திருக்கும்’ என்று போட்ட கோடு, கட்டுரையில் எண்ணாக அச்சேறி நூறாண்டு நிற்கும். மின்னணு நுண்ணோக்கி அழகான படம் தரும்தான், ஆனால் அதற்குத் தங்கப் பூச்சுப் பூச வேண்டும். புதிய இனத்தின் பெயரைச் சுமக்கப்போகும் மூல மாதிரியை அதில் வைக்காதீர்கள்.

நம் ஊருக்கே உரிய எதிரி பூஞ்சை. ஏர்கோன் இரவில் அணைக்கப்படும் அறையில் லென்ஸுக்குள் நூல் நூலாகப் படரும். நுண்ணோக்கி லென்ஸுகளை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள். எத்தனால் போத்தலின் மூடியை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வற்றிப்போன மாதிரிக்கு எந்த மருந்தும் இல்லை.

டிஎன்ஏ தனித் தீர்ப்பு சொல்லாது. எல்லோரும் எடுப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. 1994-இல் ஃபோல்மர் குழு வெளியிட்ட தொடக்கிகள் (அந்தத் துண்டை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழைகள்) இன்றும் புழக்கத்தில் உள்ளன. கிரஸ்டேசியன்களில் அவை சில சமயம் ஒட்டாது. 16எஸ் மரபணுவையும் சேர்த்து எடுத்துவைப்பது புத்திசாலித்தனம். இன்னொரு குழி, உட்கருவுக்குள் குடிபெயர்ந்த போலி நகல்கள். வரிசையை அமினோ அமிலமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் உங்களிடம் இருப்பது போலி. இத்தனை விழுக்காடு வேறுபட்டால் புதிய இனம் என்று எல்லாக் குழுவுக்கும் பொதுவான எல்லை கிடையாது. தரவுத்தளத்தில் பொருத்தம் வரவில்லை என்பதற்கு ‘அந்தப் பழைய இனத்தின் டிஎன்ஏவை இதுவரை யாரும் எடுக்கவில்லை’ என்பதே பெரும்பாலும் பொருள்.

பழையதோடு ஒப்பிடுதல்

இதுதான் உண்மையான வேலை. நம் கடல்களுக்கு மூன்று பழைய கப்பல்களின் பெயரை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1872–76-இல் உலகைச் சுற்றிய சேலஞ்சர்: அதன் ஆம்பிபாட் அறிக்கையை ஸ்டெப்பிங்கும், இறால் அறிக்கையை ஸ்பென்ஸ் பேட்டும் 1888-இல் வெளியிட்டார்கள், மாதிரிகள் லண்டனில். அந்தமான் கடலையும் வங்கக் கடலையும் துழாவிய இன்வெஸ்டிகேட்டர்: அதன் இறால், சிங்கி இறால் வகைகளை ஆல்ஃபிரட் ஆல்காக் 1901-இல் தொகுத்தார், மூல மாதிரிகள் பெரும்பாலும் கொல்கத்தாவில். 1899–1900-இல் டச்சு இந்தியக் கடல்களில் ஓடிய சிபோகா: மாதிரிகள் ஆம்ஸ்டர்டாமில் இருந்து இப்போது லைடனில். இந்த அறிக்கைகளின் ஸ்கேன்களில் பெரும்பகுதி பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் இலவசம். அதைப் படித்தால் மட்டும் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து விவரிப்பு சில நேரம் அரைப் பக்கம், படம் இல்லை, ‘முந்தையதைப் போன்றது, முள் குறைவு’ என்று முடிந்துவிடும். மூல மாதிரியைப் பார்த்தே ஆக வேண்டிய இடம் அது.

அருங்காட்சியகங்கள் ஹோலோடைப்பை, அதாவது இனத்தின் பெயர் கட்டுப்பட்ட ஒற்றை மூல மாதிரியை, எளிதில் தபாலில் அனுப்பாது. நேரே போக முடியாவிட்டால் படம் கேளுங்கள், ஆனால் ‘படம் அனுப்பவும்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். நெற்றிமுள் பக்கவாட்டில், மேலோடு மேலிருந்து, மூன்றாம் மேக்சில்லிபெட்டின் உட்புறம், டெல்சன் (வாலின் நடுத்தகடு) நுனி, ஒவ்வொன்றிலும் அளவுகோல்: இப்படிக் கேட்டால் காப்பாளருக்கும் நேரம் மிச்சம். மூல மாதிரி நசிந்துபோயிருந்தால் அது பிடிபட்ட அதே இடத்திலிருந்து வந்த வேறு மாதிரியைத் தேடுவது அடுத்த வழி.

‘உலகம் முழுக்கப் பரவியது’ என்று எழுதப்பட்ட இனப் பெயரைக் கண்டால் சந்தேகப்படுங்கள். யூரிதீனிஸ் கிரில்லஸ் என்ற ஆம்பிபாட் 1822-இல் பெயர் பெற்றது. துருவம் முதல் துருவம்வரை எல்லாக் கடலிலும் உண்டு என்று பாடப்புத்தகமே சொன்னது. 2013-இல் டிஎன்ஏ பார்த்ததும் அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது வெளிப்பட்டது. ராட்சத ஐசோபாட்டான பத்தினோமஸ் பேரினத்திலும் இதே கதை. வால்தகட்டின் விளிம்பில் எத்தனை முள், அவை நேராக நிற்கின்றனவா மேல்நோக்கி வளைந்தனவா, முகத்தகட்டின் வடிவம் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில் புது இனங்கள் வந்தபடியே இருக்கின்றன. 2017-இல் ஜேம்ஸி. 2020-இல் ஜாவாவின் தெற்கே 2018-இல் நடந்த பயணத்திலிருந்து 363 மி.மீ. நீள ஆணை வைத்து ரக்சாசா. 2025-இல் வேடரி: வியட்நாமின் குவி நோன் நகரில் மீனவர்களிடம் வாங்கியவற்றிலிருந்து. உணவகத் தட்டில் ஏறிக்கொண்டிருந்த பிராணிக்கு அதுவரை பெயர் இல்லை! சந்தை மாதிரியில் உருவம் முழுசாகக் கிடைக்கும். துல்லியமான இடமும் ஆழமும் கிடைக்காது. அந்தக் குறையைக் கட்டுரையில் அப்படியே எழுதிவிட வேண்டும்.

ஒப்பீட்டின் முடிவு ஓர் அட்டவணை. இடப்பக்கம் பண்புகள், மேலே பேரினத்தின் எல்லா இனங்களும். ஒரு கட்டம்கூட ‘தெரியவில்லை’ என்று காலியாக இருக்கும்வரை உங்கள் புதுமை கேள்விக்குறியோடுதான் நிற்கும். ஒடிந்து மறுபடி முளைத்த கொடுக்கு, சற்றுக் கோணலான வால்முள் இவற்றை ‘வேறுபாடு’ என்று அட்டவணையில் ஏற்றாதீர்கள். இடம் வலம் இரண்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரியில் இருப்பதே பண்பு.

பெயரும் பதிவும்

விலங்குப் பெயரிடல் சட்டத்தின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி ‘புதிய இனம்’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லில் எழுத வேண்டும், ஹோலோடைப் எது, எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகிறது என்று குறிப்பிட வேண்டும். ஹோலோடைப் ஒன்றே ஒன்று; நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மாதிரியாகத் தேர்ந்தெடுங்கள். பாராடைப்புகளை (விவரிப்புக்குப் பயன்பட்ட மற்ற மாதிரிகளை) ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்து வையுங்கள். திரங்கானுவில் ஒரு தொகுதி, சிங்கப்பூரின் லீ கொங் சியான் அருங்காட்சியகத்தில் ஒரு தொகுதி என்றால் தீயோ வெள்ளமோ வந்தாலும் எல்லாம் போகாது.

பெயரில் இலக்கணம் உண்டு. ‘ராட்சத’ என்ற ஒரே சொல்லைப் பாருங்கள்: பத்தினோமஸ் ஆண்பால், ஆகவே ஜைகான்டியஸ். ஆம்பிபாட் பேரினமான அலிசெல்லா பெண்பால், ஆகவே ஜைகான்டியா. ரக்சாசா பெயர்ச்சொல்லாக நிற்பதால் பால் பார்த்து மாறாது. மரியானா அகழியின் யூரிதீனிஸ் பிளாஸ்டிகஸ், வயிற்றில் பிளாஸ்டிக் இழை கிடைத்ததால் 2020-இல் அந்தப் பெயரைப் பெற்றது. ஆள் பெயரை வைப்பதென்றால் தாராளமாக வையுங்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை, ஊர்தான் சிரிக்கும்.

இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் 2012 முதல் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் கட்டுரையைப் பதிந்து, அந்தப் பதிவு எண்ணைக் கட்டுரைக்குள்ளேயே அச்சிட வேண்டும். தவறினால் பெயர் செல்லாது. முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் மாநாட்டுச் சுவரொட்டியிலும் புதுப் பெயரைப் போடவே போடாதீர்கள். பெயர் வெளியே கசியும், சட்டப்படி உரிமை நிற்காது. ‘இனம் 1’ என்றே விட்டுவிடுங்கள். சபா மாதிரியானால் 2000-ஆம் ஆண்டின் சபா உயிரியல் பன்மயச் சட்ட அனுமதி எண்ணைக் கைவசம் வைத்திருங்கள். நாட்டளவில் 2017-ஆம் ஆண்டின் 795-ஆவது சட்டமும் உண்டு. இதழ்கள் இப்போது கேட்கின்றன.

மாதிரியை விமானத்தில் அனுப்ப, ஐயாட்டா (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) விதிகளில் ஏ180 என்ற சிறப்புப் பிரிவு இருக்கிறது. குப்பி ஒன்றில் 30 மி.லி.க்கு மேல் எத்தனால் கூடாது, சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் பை, அதற்கு வெளியே உறிஞ்சு பொருளோடு இன்னொரு பை, மொத்தப் பெட்டியில் ஒரு லிட்டருக்குள். பெட்டியின் மேல் ஏ180 வாசகத்தை எழுதவில்லை என்றால் சரக்குக் கூடத்தில் வெயிலில் கிடக்கும்.

கட்டுரை வந்த அன்றே டிஎன்ஏ வரிசைத் தரவுத்தளமான ஜென்பேங்கில் போய், ‘இனம் 1’ என்று ஏற்றிவைத்த வரிசைகளின் பெயரைத் திருத்துங்கள். அது தானாக மாறாது.